நாற்பது ஆம்ப் இருக்கும் பெட்டி

காலை அந்தப் பெட்டிமேல் ஊன்றாதீர்கள் சார். தவறாக நினைக்கவேண்டாம். முழங்காலால் லேசாக அணை கொடுத்தால் போதும், வளைவில் சாயாது. ஆமாம், அப்படித்தான். இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். தென்காசி வரைக்கும் இப்படியே போய்விடலாம். நீங்கள் நடுவில் இறங்குகிறவர் இல்லையே? நல்லது.

கண்டக்டரைப் பார்த்தீர்கள்தானே. மிக்ஸியா கிரைண்டரா என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். ஸ்பீக்கர் என்று சொல்லிவைத்தேன். ஸ்பீக்கர் என்பது இதில் கால்வாசி. மீதி முக்கால்வாசியை அவருக்குச் சொல்ல நேரமில்லை, படியில் ஏழு பேர் நிற்கிறார்கள்.

இது கிட்டார் ஆம்ப். மாடலிங் ஆம்ப் என்பார்கள். சாதாரண ஆம்ப் கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அதற்கென்று ஒரு குரல் இருக்கும், சாகிறவரை அதே குரல். இது அப்படியில்லை. வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் வைத்து வாசிக்கிற நாற்பது ஆம்புகளின் குரல் இதற்குள்ளே இருக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டர் மாதிரி. காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் மாறும். மெலடிக்கு ஒன்று, குத்துப்பாட்டுக்கு ஒன்று, சோகத்துக்கு ஒன்று, சாமி பாட்டுக்கு ஒன்று. ரிசப்ஷனில் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டுதான், அது முறை. நான் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. இருபத்தாறு வருஷமாகப் பிள்ளையார் பாட்டில்தான் மேடையைத் தொடங்குகிறேன். ஒரு குறையும் வந்ததில்லை.

செவ்வந்தி இன்னிசைக் குழு. கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? வீரவநல்லூர்ப் பக்கம் கேட்டால் தெரியும். வேலாயுதம் என்பவர் பாடகர், குழுவும் அவருடையதுதான். நான் கிட்டார். பெயர் ஜெபசிங். கிட்டார் ஜெபசிங் என்று கேட்கவேண்டும். வெறும் ஜெபசிங் என்றால் மின்வாரியத்தில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் அனுப்பிவிடுவார்கள். இன்றைக்குத் தென்காசியில் ஆறு மணிக்கு ரிசப்ஷன். அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆனி கடைசியில் வேலாயுதம் என்னை வீட்டுக்கு வரச் சொல்லி டீ கொடுத்தார். அவர் வீட்டில் டீ கொடுத்தால் விஷயம் நல்லதில்லை. டிரம்பட் அந்தோணிக்கும் அப்படித்தான் டீ கொடுத்தார். அதற்குப் பிறகு டிரம்பட் இசக்கியின் கீபோர்டுக்குள் போய்விட்டது. வயலின்காரர் டீ குடிக்கமாட்டார், அவருக்கு ஹார்லிக்ஸ் கொடுத்து அனுப்பினார். இசக்கி என்பது எங்கள் கீபோர்டு, இசக்கிராஜ். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது அவனுக்கு. அவனுடைய கீபோர்டில் புல்லாங்குழல் இருக்கிறது, தபேலா இருக்கிறது, மழை பெய்கிற சத்தம்கூட இருக்கிறது. கிட்டாரும் இருக்கிறதாம்.

வேலாயுதம் நேராகச் சொல்லவில்லை. உங்கள் ஆம்ப் இரைகிறது அண்ணாச்சி, பாட்டைவிட அதுதான் கேட்கிறது என்றார். ஆவணி முகூர்த்தமெல்லாம் முடியட்டும், பிறகு ஒரு முடிவுக்கு வருவோம் என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். முழுதாகக் குடித்தால்தானே அர்த்தம்.

இருபத்தாறு வருஷம் நின்ற இடம் சார். மேடையில் இடது ஓரம், ரிதம் பேடுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு. அது போய்விட்டால் நான் எங்கே போய் நிற்பது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நிற்கலாம். அங்கே கைதட்டமாட்டார்கள்.

அதனால்தான் மதுரைக்குப் போய் இதை வாங்கிவந்தேன். பழைய ஆம்ப் இரைந்தது உண்மை. அதை மறுக்கிறவன் இல்லை நான்.

வீட்டில் ராப்பகலாகச் சாதகம். ராப்பகல் என்றால், காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கீழ்வீட்டில் ரிட்டையரான டீச்சர் ஒருவர். சத்தம் கேட்டால் விளக்குமாற்றுக் கட்டையால் மச்சில் இடிப்பார்கள். ஆகவே ஹெட்ஃபோன். பெட்டியின் ஓட்டை பெரிது, ஹெட்ஃபோன் பின் ஒல்லி. நடுவில் தடித்த பின் ஒன்று மாட்டவேண்டும், கடைக்காரரே கொடுத்தார். வாசித்து முடித்ததும் ஹெட்ஃபோனை மட்டும் உருவி ஆணியில் மாட்டிவிடுவேன். தடித்த பின் பெட்டியிலேயே இருக்கும். கையடக்கப் பொருள், எங்காவது உருண்டுவிட்டால் யார் தேடுவது? அந்தப் பின்னைப் பற்றிப் பிறகு பெரிய பேச்சாகிவிட்டது. அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.

முதல் ரிசப்ஷன் முக்கூடலில். மிக்ஸர் மாடசாமி பெட்டிக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தார். மிக்ஸரில் உட்கார்ந்து எல்லாருடைய சத்தத்தையும் ஏற்றி இறக்குகிறவர் அவர். லெவல் பார்க்கவேண்டும், ஏதாவது வாசியுங்கள் என்றார். வாசித்தேன். பக்கத்தில் ரிதம் பேடுக்காரன் அவன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தான். மாடசாமி மிக்ஸரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒயரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வேலாயுதத்தின் காதில் போய் என்னவோ சொன்னார். வேலாயுதம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அப்படியே இருக்கட்டும் என்றார். அதை என் காதால் கேட்டேன். முதல் நாளே அவருக்குப் பிடித்துவிட்டது.

அன்றைக்கு மாதிரி நான் வாசித்ததே இல்லை சார். வலது பக்கத்து பாக்ஸில் என் கிட்டார் அப்படியே தேனாக இறங்குகிறது. ஒரு பிசிறு இல்லை. இரண்டாவது பாட்டில் கண்ணில் வியர்வை இறங்கிவிட்டது. கையை எடுத்துக் கைக்குட்டையால் துடைக்கிறேன், ஸ்வரம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. பழைய ஆம்பில் கை எடுத்தால் சத்தம் செத்துப்போகும். இது நாம் விட்ட இடத்திலிருந்து தானே கொஞ்ச தூரம் கொண்டுபோகிறது. அதுகூடப் பரவாயில்லை. நாங்குனேரியில் சரணத்துக்கு நடுவில் மூன்றாம் கம்பி அறுந்துவிட்டது. மூன்றாம் கம்பி இல்லாமல் அந்த இடத்தை வாசிக்கவே முடியாது. ஆனால் ஒரு ஸ்வரம் குறையாமல் வந்தது சார். அறுந்த கம்பியையும் சேர்த்து வாசித்திருக்கிறது. எஸ்தரிடம் சொன்னேன். எஸ்தர் என் வீட்டுக்காரி. அவள் என்னைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

இருபத்தாறு வருஷமாக மாடசாமி மேடைக்குக் கீழேயிருந்து எனக்கு ஒரு சைகை காட்டுவார். உள்ளங்கையைக் கீழே அமுக்கி, குறையுங்கள் குறையுங்கள் என்று. குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி இருக்கும். இந்த ஆவணியில் ஒரு தடவைகூட அந்தக் கை எழும்பவில்லை. அதனால் நான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். மூன்றில் வைத்திருந்ததை ஐந்தாக்கினேன். ஐந்தை ஏழாக்கினேன். புரட்டாசி வருவதற்குள் பத்தில் இருந்தது. அதற்குமேல் குமிழ் திரும்பாது. பத்தில் வைத்தும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல பொருளுக்கு அதுதான் அடையாளம். சேரன்மகாதேவியில் வேலாயுதம் தோளில் கைபோட்டு, "இந்த ஆம்ப் வந்த பெறகுதான் அண்ணாச்சி, மேடையில நிம்மதியாப் பாடுதேன்" என்றார். சாட்சிக்கு மாடசாமி இருந்தார். தலையை ஆட்டினார்.

இசக்கி மட்டும்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். பொறாமை. அவனுடைய கீபோர்டுக்குள் இருக்கிற கிட்டார் இதன் பக்கத்தில் வரமுடியுமா? மேடையில் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் கை வைத்தால் அவனும் வைப்பான், எடுத்தால் எடுப்பான், சில சமயம் பிந்திவிடுவான். கற்றுக்கொள்கிறான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் வேனில் வேலாயுதத்திடம் முறையிடுகிறான், இருப்பது இரண்டு கை, நான் எத்தனையைத்தான் வாசிப்பது என்று. அப்போது நான் பின்சீட்டில் கண்ணை மூடியிருந்தேன். இந்தக் காலத்துப் பையன்களுக்கு உழைக்க உடம்பு வணங்காது.

பதினான்காவது ரிசப்ஷன் கடையத்தில். ஆவணியின் கடைசி முகூர்த்தம். அன்றைக்கு முடிந்தால் வேலாயுதம் முடிவைச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவர். அவருடைய மேனேஜர் மேடையேறி, மாப்பிள்ளைக்குப் போடப் பொன்னாடையை விரித்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் என்னிடம் வந்து, அண்ணே, பெரிய பின் ஏதும் இருக்கா, மிக்ஸரிலிருந்து ஹெட்ஃபோனில் கேட்கவேண்டும், என்னுடையதை மண்டபத்து எலி கொண்டுபோய்விட்டது என்றார். எலி பின்னை எதற்குக் கொண்டுபோகிறது? ஆனாலும் உதவி என்று கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பெட்டியிலிருந்து உருவிக் கொடுத்தேன்.

அடுத்தது மெலடி. கிட்டார் தனியாகத் தொடங்குகிற பாட்டு. காலால் பெடலில் ஒன்றை மிதித்தேன், மெலடிக் குரல். கண்ணை மூடி ஒரே ஒரு தடவை ஆறு கம்பியையும் வருடினேன்.

என்ன நடந்தது என்று நான் சொல்வதைவிட, மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். மேனேஜர் பொன்னாடையைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். பந்தியில் ஜெனரேட்டர் வெடித்துவிட்டது என்று இலையோடு எழுந்து வாசலுக்கு ஓடினார்கள், சிலர் கையில் அப்பளம் இருந்தது. மணப்பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள், அதுவரைக்கும் போட்டோகிராபர் எவ்வளவோ சொல்லியும் பிடிக்காமல் இருந்தவள். பாக்ஸ் நாலும் ஊளையிட்டன. பெட்டியின் முன்னால் மைக், மைக்கின் சத்தம் பாக்ஸில், பாக்ஸின் சத்தம் திரும்ப மைக்கில். நான் கம்பியைக் கையால் பொத்தினேன். நிற்கவில்லை. மாடசாமி மிக்ஸரின்மேல் குப்புற விழுந்து எல்லாவற்றையும் இறக்கினார்.

அப்புறம் மிச்ச ரிசப்ஷனுக்கு என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் மேடையில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

கைகழுவுகிற இடத்தில் வைத்துதான் பேச்சு. பெட்டியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று நான்தான் முதலில் மாடசாமியைக் கேட்டேன். பதின்மூன்று மேடையில் நன்றாக இருந்த பெட்டி, நீங்கள் மைக் வைத்த வைப்பில் கெட்டுவிட்டது என்றேன். மாடசாமி சாதுவான மனிதர். கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பின் மாட்டியிருந்தா பெட்டியில சத்தமே வராது. ஹெட்ஃபோனு மாட்டியிருக்குன்னு அது பாட்டுக்கு வாயை மூடிக்கிடும். பதிமூணு மேடையா அதுலருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரல. வாசிச்சதெல்லாம் இசக்கி."

நான் சிரித்துவிட்டேன் சார். ஒரு மனிதன் தன் தப்பை மறைக்க எவ்வளவு தூரம் போகிறான் பாருங்கள். சத்தமே வரவில்லை என்றால் முக்கூடலில் ஒரு பெரியவர் வந்து என் கையைக் குலுக்கினாரே, எதற்குக் குலுக்கினார்? நாங்குனேரியில் அறுந்த கம்பியோடு வாசித்தேனே, அதை யார் வாசித்தது? இதையெல்லாம் கேட்டேன். மாடசாமி கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். பதில் இருந்தால்தானே சொல்வார்? இசக்கி குழாயைத் திறந்தவன் மூடாமல் நின்றுகொண்டிருந்தான்.

வேலாயுதம்தான் நடுவில் வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நீங்க எப்பமும் போல நில்லுங்க அண்ணாச்சி. வீடியோவுல கிட்டார் தெரியணும்லா, பார்ட்டி கேக்காவ. பின்னை மட்டும் மாட்டிக்கிடுங்க" என்றார். அவ்வளவு நடந்த பிறகும் நான் நிற்கவேண்டும் என்கிறார், கவனித்தீர்களா. கிட்டார் இல்லாமல் அவருக்கு மேடை இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் பின், அது இது என்று எதையோ சேர்த்துச் சொன்னார்.

பின் என்னிடம் இல்லை என்றேன். வீடியோக்காரர் அதற்குள் போய்விட்டார்.

மறுநாள் வீட்டில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தேன். ஹெட்ஃபோன் இல்லாமல், ஸ்பீக்கரில். குமிழை இரண்டில் வைத்தேன், டீச்சருக்காக. பெடலில் ஒன்றை மிதித்தால் மெலடி வரவில்லை, கடையத்தில் வந்த அதே பேய்க்குரல் சின்னதாக வந்தது. இரண்டை மிதித்தால் சோகம். மூன்றில் சாமி பாட்டு. பிறகுதான் பிடிபட்டது. இந்தப் பெட்டிக்கு எண்ணிக்கை சைபரில் ஆரம்பம். நான் முதலாவதாக வைத்த மெலடி சைபரில் இருக்கிறது, எல்லாம் ஒவ்வொன்று தள்ளி இருக்கிறது. வீட்டில் நான் போனில் இந்தப் பெட்டிக்கென்று இருக்கிற ஆப்பில் பெயரைப் பார்த்துக் குரலை மாற்றுவேன், பெடலை மேடைக்கு மட்டும்தான் எடுப்பேன், அதனால் தெரியவில்லை. உலகத்தில் யாராவது சைபரிலிருந்து எண்ணுவார்களா? கம்பெனிக்காரன் தப்பு.

அப்படியென்றால் ஆவணி முழுக்கப் பிள்ளையார் பாட்டுக்கு நான் மிதித்தது வேறு எதையோ. மெலடிக்கெல்லாம் மிதித்தது குத்துக் குரலை. ஆனால் ஒரு மேடையிலும் அப்படிக் கேட்கவில்லையே, எல்லாம் சரியாகத்தானே வந்தது, எப்படி என்று எஸ்தரிடம் கேட்டேன். அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு உலை மூடியைத் திறந்து பார்த்தாள். சோறு இன்னும் வேகவில்லை போல. திரும்ப மூடினாள். யோசித்துப் பார்த்தால், தப்பாக மிதித்தாலும் என்ன பாட்டு என்று புரிந்துகொண்டு பெட்டியே சரியான குரலைக் கொடுத்திருக்கிறது. மாடலிங் என்று சும்மாவா பெயர் வைத்திருக்கிறார்கள்? கடையத்தில் அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் எண்களையெல்லாம் ஒவ்வொன்று தள்ளி எழுதி, பெடலில் ஒட்டிவைத்தேன். அந்த வாரம் முழுக்க ஸ்பீக்கரில்தான் வாசித்தேன். மூன்றாம் நாள் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. அதுவரைக்கும் டீச்சரை நான் எதிர்த்தது கிடையாது. எஸ்தர் கீழே போய் என்ன சொன்னாளோ, பிறகு இடி வரவில்லை.

போன வாரம் ஆலங்குளத்தில் மேடை. இந்த வருஷம் புரட்டாசியிலும் ரிசப்ஷன் வைக்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் லீவு அப்போதுதான் கிடைக்கிறது. வேனில் பெட்டிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிட்டாரை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார் வேலாயுதம். நான் இதே மாதிரி பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்குத் தோளில் வைத்து நடந்தேன். பார்க்கத்தான் சின்னது, பன்னிரண்டு கிலோ.

மேடையில் வைத்ததும் மாடசாமி கிட்டே வந்து என் கையில் ஒரு பின்னைக் கொடுத்தார். புதிது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வேலாயுதம் வாங்கி அனுப்பியிருக்கிறார். நன்றி என்று சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாடசாமி என் சட்டைப்பையைப் பார்த்தார். மிக்ஸருக்குப் போய் உட்கார்ந்தார். வேலாயுதம் மேடையின் அந்தக் கோடியிலிருந்து அவரைப் பார்த்தார். மாடசாமி தோளைக் குலுக்கினார். குமிழை இரண்டில் வைத்தேன். என் கை வேர்த்துப்போய்விட்டது சார். பெட்டி வாங்கின நாளிலிருந்து அப்படி வேர்த்ததில்லை.

பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு முடிந்து மூன்றாவதாக அந்தக் கடையத்து மெலடியையே வேலாயுதம் எடுத்தார். தொடக்கத்தை இசக்கியிடம் விட்டுவிட்டார். அது இருக்கட்டும். பல்லவி முடிந்து சரணத்துக்கு முன்னால் ஒரு இடம் வரும், கிட்டாருக்கென்றே உள்ள இடம், எட்டே தாளம். சைபரை மிதித்தேன். வாசித்தேன்.

உண்மையைச் சொல்லவேண்டும், சன்னமாக இருந்தது. அந்தத் தேன் இல்லை. நாலாவது தாளத்தில் விரல் பிசகியது. பிசகினது பிசகினபடியே வெளியே கேட்டது. தப்பாக வாசித்தால் தப்பாகவே வருகிறது, இந்த சீசனில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை. ஆலங்குளத்தில் வோல்டேஜ் மட்டம் என்று நினைக்கிறேன், தென்காசியில் சரியாகிவிடும். மாடசாமியைப் பார்த்தேன், கை எழும்பவில்லை. வேலாயுதம் மைக்கை மார்போடு வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். இசக்கி வழக்கம்போல என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா என்று திரும்பினேன். அவன் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி, எட்டுத் தாளமும் முடிகிறவரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.